நெல் தோகை கீறிய கண்ணுக்குக் கடைச் சொட்டு மருந்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் விவசாயப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். பூச்சிமருந்து அடிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், எதிர்காற்றில் நின்று அடிக்காதீர்கள் என்றெல்லாம் எழுதுகிறீர்கள், பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறீர்கள், நல்லது. ஆனால் வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களின் கண்ணில் பூஞ்சை முளைத்துப் பார்வையையே பறித்துவிடுகிறது என்பதைப் பற்றி ஒரு பத்தி வந்து நான் பார்த்ததில்லை. அறுவடை தொடங்கப் போகிற நேரம் இது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

விஷயம் இதுதான். நெல் தோகை, கரும்புச் சோகை, மக்காச்சோளத் தட்டை, கருவேல முள், மாட்டு வால், இப்படி ஏதோ ஒன்று கண்ணில் அடித்துக் கருவிழியின் மேல்தோல் லேசாக உரிந்துவிடும். ரத்தம் வராது. கொஞ்ச நேரம் உறுத்தும், தண்ணீர் வடியும், தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டு மறுபடியும் வேலையைப் பார்ப்பார்கள். மறுநாள் பரவாயில்லை போலவும் இருக்கும். அந்தக் கீறலின் வழியாக இலையிலும் மண்ணிலும் இருந்த பூஞ்சை விதைகள் உள்ளே போயிருந்தால் அவை உடனே ஒன்றும் காட்டாது, மெதுவாக வேர்விட்டுக்கொண்டிருக்கும். பாக்டீரியாவால் வரும் புண் பெரும்பாலும் ஓரிரு நாளில் கண்ணை வீங்க வைத்து வலியில் துடிக்க வைத்துவிடும், ஆளும் தானாக ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவார். பூஞ்சைப் புண் அப்படி அவசரம் காட்டாது. கண் சிவந்திருக்கும், வெளிச்சம் கூசும், பூளை தள்ளும், ஆனால் புண் இருக்கும் நிலைமைக்கு வலி குறைவாகவே தெரியும். அந்தக் குறைந்த வலிதான் ஆளை ஏமாற்றிவிடுகிறது. ஒரு வாரம் பத்து நாள் கழித்து, கருவிழியின் நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்த பிறகுதான் "பூ விழுந்திருச்சு" என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு கருப்பு பூஞ்சை வந்தபோது தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசியது. அந்த மே மாதமே அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது, அதற்கான ஆம்போடெரிசின் ஊசிக்காக ஆட்கள் ஊர் ஊராக அலைந்தார்கள், பத்திரிகைகளும் தினமும் எழுதின. எழுத வேண்டியதுதான், உயிர் போகிற நோய் அது. ஆனால் கண்ணில் வரும் இந்தப் பூஞ்சைப் புண் அதற்கு எத்தனையோ பத்தாண்டு முன்பிருந்தே நம் ஊர்களில் இருக்கிறது, ஒவ்வொரு வருடமும் இருக்கிறது, இதில் உயிர் போவதில்லை என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. கூலி வேலை செய்கிற ஒருவருக்கு ஒரு கண் போனால் என்ன ஆகும் என்பதை வயல்வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரிவாள் பிடிக்கிற கைக்குத் தூரமும் ஆழமும் தெரியாமல் போய்விடும்.

எவ்வளவு பேருக்கு வருகிறது என்று கேட்பீர்கள். மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் எத்தனை பேருக்கு வருகிறது என்று 1993ஆம் ஆண்டை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்தாயிரம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 11 பேர் என்று வந்தது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஒரு பகுதியில் இதே மாதிரி எடுத்த கணக்கில் லட்சம் பேரில்தான் 11 பேர். அதாவது நமக்குப் பத்து மடங்கு. அப்புறம் 1994இல் ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்து ஓர் ஆய்வு செய்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கண்ணில் ஏதோ பட்ட காயத்திலிருந்துதான் புண் ஆரம்பித்திருந்தது, பெரும்பாலும் விவசாய வேலையில். கிருமி வளர்ந்த புண்களில் கிட்டத்தட்ட பாதி பூஞ்சை. குளிர்நாடுகளில் கருவிழிப் புண் என்றால் முதலில் பாக்டீரியாவைத்தான் நினைப்பார்கள், நம் ஊரில் அப்படி நினைத்தால் இரண்டில் ஒன்று தப்பாகப் போகும்.

அந்தப் பூஞ்சைகளில் முதலிடம் பியூசேரியம், அடுத்தது அஸ்பர்ஜில்லஸ். பியூசேரியம் என்ற பெயர் விவசாயிகளுக்குப் புதிதில்லை, வாழையில் வாடல் நோய் கொண்டுவந்து மரத்தை மஞ்சளாக்கிச் சாய்க்கிற பூஞ்சைக் குடும்பம்தான் அது. வாழையைத் தாக்குகிற இனமும் கண்ணைத் தாக்குகிற இனமும் பொதுவாக வேறு வேறு, ஆனாலும் இரண்டும் நம் மண்ணிலும் மட்கிய இலைதழையிலும் சாதாரணமாக வாழ்கிறவை. அதனால் பூஞ்சையை ஒழித்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம், மண் இருக்கிற வரை அதுவும் இருக்கும். அது உள்ளே போவதற்கு வழி திறக்காமல் பார்த்துக்கொள்வதும், திறந்துவிட்டால் அன்றைக்கே கவனிப்பதும்தான் நம் கையில் இருக்கிறது. தென்னிந்தியாவில் எந்த மாதத்தில் இது கூடுகிறது என்று பார்த்தபோது ஜூலையிலும் ஜனவரியிலும் உச்சத்துக்குப் போகிறது என்று தெரிந்தது. ஆடிக் காற்றும் தை அறுவடையும்! எங்கள் பக்கத்து ஆட்களிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

என் பெரியம்மாவுக்கு நடந்ததை இங்கே சொல்கிறேன். மேலூர்ப் பக்கம், பெரியாறு பாசனத்து வயல். கட்டுக்கட்டி நிமிர்ந்தபோது கதிர்த் தோகை இடது கண்ணில் அடித்துவிட்டது. சாயந்திரம் பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். அடுத்த நாள் நந்தியாவட்டைப் பூவை நனைத்துக் கண்மேல் வைத்துக் கட்டினார்கள். இரண்டு நாள் கழித்தும் சிவப்பு போகவில்லை என்றதும் மெடிக்கலில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதை விட்டதும் சிவப்பு நன்றாகக் குறைந்துவிட்டது, வலியும் குறைந்தது, பெரியம்மா மறுபடியும் வயலுக்கே போய்விட்டார். அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது என்பது பின்னால் பெரிய ஆஸ்பத்திரியில் குப்பியைக் காட்டியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இதைத்தான் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஸ்டீராய்டு கிருமியைக் கொல்கிற மருந்து இல்லை. கிருமியை எதிர்த்து உடம்பு நடத்துகிற சண்டையை அடக்குகிற மருந்து. கண் சிவப்பதும் வீங்குவதும் வலிப்பதும் அந்தச் சண்டையால்தான், அதை அடக்கினால் கண் வெளுத்துவிடும், ஆளுக்கும் நிம்மதியாகிவிடும், உள்ளே பூஞ்சை தடுப்பார் இல்லாமல் பரவும். இதே மருந்து வேறு நோய்களுக்குக் கண் டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும்போது பார்வையைக் காப்பாற்றுகிறது, கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வயலில் அடிபட்ட கண்ணில் அதை விடுவது தெரிந்தே செய்யக்கூடாத காரியம். கருப்பு பூஞ்சை அவ்வளவு பேரைப் பிடித்ததற்கும் கட்டுப்படாத சர்க்கரையோடு அளவு மீறிய ஸ்டீராய்டும் ஒரு பெரிய காரணம் என்று அப்போது டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தொடை இடுக்கில் வரும் படர்தாமரைக்குக் கடையில் ஸ்டீராய்டு சேர்ந்த கலவைக் களிம்பு வாங்கிப் பூசிப் பூசி உடம்பு முழுக்கப் பரவவிட்டவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள், அந்தக் கதையும் இதே கதைதான்.

சரி, பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். பார்வை மங்கியதும் மதுரைக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டர் முதலில் ஒரு சின்னத் தாளை நனைத்துக் கண்ணில் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார், புண் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாகத் தெரிந்தது. அப்புறம் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, சின்னத் தகடு ஒன்றால் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு துளி விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். அந்தக் கரைசல் மற்றதையெல்லாம் கரைத்துத் தெளிவாக்கிவிடும், பூஞ்சை இழை மட்டும் அப்படியே நிற்கும். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் பூஞ்சைதான் என்று சொல்லிவிட்டார்கள். லட்சக்கணக்கில் மெஷின் வேண்டியதில்லை, சளி பரிசோதனைக்கும் மலேரியா பரிசோதனைக்கும் வைத்திருக்கிற அதே சாதாரண மைக்ராஸ்கோப்பே போதும். இந்த ஒரு பரிசோதனை முதல் வாரத்தில் நடந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மருந்து நேட்டமைசின் 5 சதவீதச் சொட்டு மருந்து. பால் மாதிரி கலங்கலாக இருக்கும், அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு முறையும் குப்பியை நன்றாகக் குலுக்கித்தான் விட வேண்டும். ஆரம்பத்தில் மணிக்கு ஒரு முறை. அண்ணி ராத்திரியிலும் செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து குலுக்கிக் குலுக்கி விட்டார். மாத்திரை கொடுத்தால் முடிந்துவிடாதா என்று நாங்களும் கேட்டோம். கருவிழி கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதற்குக் காரணமே அதில் ரத்தக்குழாய் இல்லாததுதான், அதனால் ரத்தத்தில் கலக்கிற மருந்து அங்கே போய்ச் சேருவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். நேட்டமைசினும் ஆழத்துக்கு எளிதில் இறங்காது, ஆகவே மேலே படிந்திருக்கும் அழுகலை அவ்வப்போது சுரண்டி எடுத்துவிட்டு மருந்தை விட வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் போகிற வைத்தியம் இது, நடுவில் கண் கொஞ்சம் தெளிந்துவிட்டது என்று மருந்தை நிறுத்தினால் பூஞ்சை மறுபடியும் கிளம்பும். அத்தனை நாளும் கூட ஒரு ஆள் வேண்டும், இருவருடைய கூலியும் போகும்.

இந்த நேட்டமைசினைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 1950களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த பழைய மருந்து இது. பின்னால் வோரிகோனசோல் என்று புதிய மருந்து வந்தது, கருவிழிக்குள் நன்றாக இறங்கும், விலையும் கூட, அதனால் அதுதான் மேல் என்று பலரும் நம்பினார்கள். எது மேல் என்று நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு அமெரிக்க டாக்டர்களின் கூட்டோடு நம் அரவிந்த் மருத்துவமனைகளில்தான் நடந்தது, 2010 ஏப்ரல் முதல் 2011 டிசம்பர் வரை 323 நோயாளிகளைச் சேர்த்தார்கள், 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய நேட்டமைசின்தான் ஜெயித்தது. அதைப் பெற்றவர்களுக்குப் பார்வை நன்றாகத் தேறியது, கருவிழி ஓட்டையாவதும் குறைவாக இருந்தது, குறிப்பாகப் பியூசேரியம் விஷயத்தில் வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இன்றைக்கு உலகம் முழுக்க டாக்டர்கள் பூஞ்சைப் புண்ணுக்கு முதலில் இதைக் கையில் எடுக்கிறார்கள் என்றால் அதற்கு ஆதாரம் தந்தது நம் வயல்காட்டு மக்களின் கண். அந்த மக்களுக்கே இந்த மருந்து முதல் வாரத்தில் கிடைக்காமல் போவது என்ன நியாயம்?

பெரியம்மாவின் கண் தப்பியது, பார்வை முழுதாகத் திரும்பவில்லை. புண் ஆறினாலும் தழும்பு நின்றுவிட்டது, கருவிழி நடுவிலேயே வெள்ளையாக. வெளிச்சமும் நிழலும் தெரிகிறது, ஆள் அசைவது தெரிகிறது, முகம் தெரிவதில்லை. இதுவும் அதிர்ஷ்டம்தான் என்று அங்கே வார்டில் இருந்த மற்றவர்களைப் பார்த்தபோது புரிந்தது. புண் ஆழமாகிக் கருவிழி ஓட்டையாகிவிட்டால் தானமாக வந்த கருவிழியை அவசரத்துக்கு வைத்துத் தைப்பார்கள், கிருமி இருக்கும் கண்ணில் அப்படி வைப்பது பெரும்பாலும் கண்ணைக் காப்பாற்றத்தான், பார்வைக்கு அப்புறம் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். அதுவும் முடியாதவர்களுக்குக் கண்ணையே எடுத்துவிட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் நேராமலே தடுத்துவிட முடியும் என்பதற்கு ஆதாரம் இருப்பதால்தான் ஆதங்கப்படுகிறேன். நேபாளத்தில் பக்தபூர் என்ற இடத்தில் கிராமத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கண்ணில் அடிபட்டவர்களைச் சாயம் தொட்டுப் பார்த்து, கீறல் இருந்தால் பாக்டீரியாவுக்கான குளோரம்பெனிகால் களிம்பை மூன்று நாள் போட்டுவிடச் சொன்னார்கள். 2001இல் வெளியான அந்த முடிவில் ஒரு கணக்கை மட்டும் எடுத்துச் சொல்கிறேன், எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 284 பேர், அவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் தாண்டி இரண்டு நாளுக்குள் வந்தவர்கள் 49 பேர், அவர்களில் 14 பேருக்குப் புண் வந்துவிட்டது. மருந்து ஒன்றுதான், வந்த நேரம்தான் வேறு.

இதே மாதிரி மதுரை மாவட்டத்திலும் இரண்டு ஊராட்சிகளில் சுமார் 48 ஆயிரம் மக்களை வைத்துச் செய்து பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். கருவிழியில் கீறல் இருந்தவர்கள் 374 பேர், அவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் சிக்கல் இல்லாமல் ஆறிவிட்டது. சிலருக்குப் பூஞ்சைக்கான களிம்பும் சேர்த்துக் கொடுத்தார்கள், சிலருக்கு வெறும் பாக்டீரியாவுக்கான களிம்பு மட்டும், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான். பின்னாளில் நேபாளத்திலேயே இன்னும் பெரிய அளவில், கிராமத்துக்குக் கிராமம் ஒப்பிட்டுச் செய்தபோது புண் வருகிறவர்களின் எண்ணிக்கை குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அதிலிருந்து தோன்றுவது, தொண்டரை நியமித்துக் களிம்பைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, அடிபட்ட ஆள் அன்றைக்கே கிளம்பி வர வேண்டும், வரவில்லை என்றால் எந்தத் திட்டமும் வேலைக்கு ஆகாது. அந்த ஆளைக் கிளப்புவதற்குத்தான் உங்கள் பத்திரிகை மாதிரி ஊருக்குள் போகிற ஒன்று தேவைப்படுகிறது.

வயலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது. கண்ணில் ஏதாவது அடித்துவிட்டால் கசக்காதீர்கள். சுத்தமான குடிதண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். முந்தானை நுனியால் துடைத்து எடுப்பது, நாக்கால் துழாவி எடுப்பது, இதற்கென்றே ஊரில் இருக்கிற பாட்டியிடம் போய்த் தூசி எடுத்துக்கொள்வது, எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், நல்ல மனதோடு செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும், ஆனால் அந்தத் துணியிலும் நாக்கிலும் இருக்கிற கிருமி திறந்த காயத்தில் ஏறிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு, பூச்சாறு எதுவும் வேண்டாம். துணி வைத்து இறுக்கிக் கட்டவும் வேண்டாம், இலைதழை பட்ட கண்ணை மூடிக் கட்டினால் கிருமிக்கு வசதியாகிவிடும். வீட்டில் யாருக்கோ வாங்கி மிச்சம் இருக்கிற சொட்டு மருந்தைத் தொடாதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடமோ, பக்கத்தில் இருக்கிற கண் பரிசோதனை மையத்துக்கோ போய், "வயலில் தோகை அடித்தது" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், டாக்டருக்குப் பூஞ்சை என்ற சந்தேகம் வருவதற்கு அந்த ஒரு வார்த்தை போதும். சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கண்ணாடி போட்டுக்கொண்டால் இதில் பாதிக்குமேல் வராது என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் வெயிலில் குனிந்து வேலை செய்கிறவருக்கு வேர்வையில் கண்ணாடி மங்கிப்போவதையும் வழுக்கி விழுவதையும் பார்த்திருக்கிறேன், அதனால் பேச்சளவில் நின்றுவிடுகிறது. ஓரத்தில் காற்றுத் துளை வைத்து, பின்னால் எலாஸ்டிக் கட்டிய சாதாரணப் பிளாஸ்டிக் கண்ணாடி இருக்கிறது, வெல்டிங் பட்டறையிலும் தச்சுப்பட்டறையிலும் பயன்படுத்துவது, பெரிய விலை கிடையாது. நாள் முழுக்கப் போட முடியாவிட்டாலும் கரும்பு வெட்டும்போது, நெல் தூற்றும்போது, முள் வெட்டும்போது, முக்கியமாகக் களை வெட்டுகிற மெஷினைத் தோளில் மாட்டும்போது போட்டே ஆக வேண்டும். அந்த மெஷின் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது, அது சுழற்றி அடிக்கிற புல்லும் மண்ணும் கண்ணுக்கு நேராக வருகிறது. வைக்கோல் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் பைக்கில் போகிறவர்களும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் மெடிக்கல் வைத்திருக்கும் அண்ணன்மார்களே, உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு டாக்டர் இல்லாத ஊரில் கண்ணைப் பொத்திக்கொண்டு வருகிறவருக்கு நீங்கள்தான் முதல் ஆள், ஏதாவது கொடுத்து அனுப்பத்தான் மனது வரும். ஆனால் ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்து சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து, அது உங்களுக்கும் தெரியும். சிவந்த கண்ணோடு வருகிறவரிடம் "வயல்ல ஏதாவது பட்டுச்சா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆமாம் என்றால் எந்தச் சொட்டு மருந்தும் கொடுக்காமல், முதல் பஸ்ஸில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். எங்களைப் போன்றவர்கள் சொல்வதைவிட உங்கள் பேச்சுக்கு ஊரில் மதிப்பு அதிகம்.

அரசுக்குச் சொல்ல வேண்டியது மூன்று விஷயம் இருக்கிறது. தாலுகா மருத்துவமனை ஆய்வகங்களில் மைக்ராஸ்கோப் இருக்கிறது, படித்த டெக்னீசியன் இருக்கிறார், கண் புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் பூஞ்சை இழையைக் கண்டுபிடிக்க அவர்களுக்கும், மாதிரி எடுக்க அங்குள்ள கண் டாக்டர்களுக்கும் பயிற்சியும் கருவியும் கொடுத்தால் அந்தப் பரிசோதனை மதுரைக்கும் சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கும் போகாமல் உள்ளூரிலேயே முடியும். நேட்டமைசின் சொட்டு மருந்து அங்கெல்லாம் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும், குறைந்தது ஆடி மாதத்திலும் தை மாதத்திலுமாவது தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எழுதிக் கொடுத்த மருந்தைத் தேடி வெளியே நான்கு கடை ஏறி இறங்குகிற ஒவ்வொரு நாளும் புண் ஆழமாகிக்கொண்டிருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டு வீடு வீடாக வருகிற பெண்கள் இருக்கிறார்கள், 2021இலிருந்து அவர்களை ஊரே அறியும், அவர்கள் கையில் ஒரு டார்ச்சும் சாயத் தாளும் கொடுத்து, அறுவடைக் காலத்தில் "கண்ணில் ஏதாவது பட்டதா" என்று கேட்கச் சொன்னால் எத்தனையோ பேரை முதல் நாளிலேயே பிடித்துவிடலாம். புதிதாக ஒரு துறையோ கட்டடமோ வேண்டியதில்லை.

நூறு நாள் வேலையில் கருவேலம் வெட்டுகிறவர்களுக்கும் வாய்க்கால் சுத்தம் செய்கிறவர்களுக்கும் மண்வெட்டியோடு ஒரு கண்ணாடியும் கொடுப்பது பஞ்சாயத்துக்கு முடியாத காரியமா என்பதையும் யோசிக்கச் சொல்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தை அறுவடைக்கு முன்னால் ஒரு முறை, ஆடிக்கு முன்னால் ஒரு முறை, விவசாயப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். தோகை அடித்தால் தண்ணீரில் கழுவு, கடைச் சொட்டு மருந்து விடாதே, அன்றைக்கே கண் டாக்டரைப் பார் என்று பெரிய எழுத்தில். டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் சத்தமாகப் படித்துச் சொல்வார்கள், எங்கள் ஊரில் இன்னும் அந்தப் பழக்கம் இருக்கிறது. கண் டாக்டர் யாரிடமாவது கேட்டு வாங்கி, அந்தந்த மாவட்டத்தில் கருவிழிப் புண்ணுக்குச் சுரண்டிப் பார்க்கிற வசதி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதையும் அதிலேயே சேர்த்துப் போட்டால், அவசரத்தில் எங்கே போவது என்று தெரியாமல் முழிக்கிறவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
விவசாயக் குடும்பத்து வாசகர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.